பிரிக் பாண்டுக்கு "பிணைப்பு" வேணாமே, "மாற்றுக்கட்டு" எப்படி?

வணக்கம் ஐயா, செங்கல் சுவர்ல கல் அடுக்கற முறைக்கு இங்கிலீஷ்ல பாண்டும்பாங்க, அதுக்குத் தமிழ்ச்சொல்லா நீங்க சொன்ன "பிணைப்பு" எனக்கு ஒட்டலை. கெமிஸ்ட்ரிக்காரங்க ஏற்கெனவே எடுத்துக்கிட்டாங்க, அதுகூட பரவால்ல, பிணைப்புன்னதும் கலவை கல்லைப் பிடிச்சுக்கறதுதான் ஞாபகம் வருது, அது வேற சங்கதி. நாம பேசறது கீழ்வரில ரெண்டு கல் சேர்ற சந்துக்கு நேரா மேல்வரி சந்து வராம கல் வைக்கறதை.

தானே புயல்ல, 2011 டிசம்பர் 30, கடலூர்ல எங்க வீட்டு காம்பவுண்டு சுவர் போச்சு. காலைல போய்ப் பாத்தா கல்லுல காரை அப்படியே கெட்டியா ஒட்டிக்கிட்டிருக்கு, ஆனா கேட்டு தூண் பக்கம் அஞ்சாறு வரிக்கு சந்து மேல சந்து ஒரே கோடா நின்னிருக்கு, மேல பூசிட்டதால இத்தனை வருஷம் யார் கண்ணுலயும் படல, அந்தக் கோட்டுலயே பிளந்துருச்சு. பிணைப்பு இருந்துச்சு, பாண்டு இல்ல!

எங்க தெருவுல வேலை பாக்கற கொத்தனார்கிட்ட இதுக்கு என்ன பேருன்னு கேட்டேன். "பேரு என்ன சார் பேரு, சந்த மாத்திக் கட்டணும், அவ்ளோதான்"னார். அதுலயே சொல் இருக்கே, மாத்திக் கட்டறது மாற்றுக்கட்டு. கட்டுவேலை, பூச்சுவேலைன்னு சொல்றோம், அதனால "கட்டு"ம் புதுசில்ல.

நீளப் பக்கம் வெளிய தெரிய வைக்கற ஸ்ட்ரெச்சர் நெடுக்குக்கல், சின்ன முனை தெரிய வைக்கற ஹெடர் குறுக்குக்கல், இதுல சண்டை இருக்காதுன்னு நினைக்கறேன். இங்கிலீஷ் பாண்டுல ஒரு வரி முழுக்க நெடுக்கு, அடுத்த வரி முழுக்க குறுக்கு, மாறறது வரி, அதனால வரிமாற்று. ஃபிளெமிஷ்ல ஒரே வரிக்குள்ள ரெண்டும் மாறி மாறி வருது, அது கல்மாற்று. "ஆங்கிலக் கட்டு"ன்னு ஊர்ப்பேரை மொழிபெயர்த்தா சித்தாளுக்கு என்ன புரியும்? பிரெஞ்சுல ஹெடரை பூத்தீஸ், ஸ்ட்ரெச்சரை பான்ரெஸ்ம்பாங்க, அதுவும் கல்லோட எந்தப் பக்கம் வெளிய தெரியுதுன்னு பாத்து வச்ச பேருதான், புதுச்சேரி நண்பர்கள் சந்தோஷப்படலாம். ஹாலோ பிளாக்ல குறுக்குக்கல்லே கிடையாது, 16 இன்ச் கல்லை 8 இன்ச் தள்ளித் தள்ளி வைக்கறோம், அரைமாற்றுன்னா போதும்.

பேர் கிடைக்காம மாட்டிக்கிட்டு நிக்கறது குயின் குளோசர்ங்கற வெட்டுக்கல்தான். அரைக்கல்னு சொல்ல முடியாது, அது குறுக்க உடைச்சது. இது நீளவாக்குல ரெண்டாக்கி, மூலைக் குறுக்குக்கல்லுக்கு அடுத்து ரெண்டேகால் இன்ச் முகம் தெரிய வைக்கறது, அந்த ரெண்டேகால்தான் மேல் வரியோட சந்துகளையே நகர்த்துது. தேங்காக் கீத்து மாதிரி இருக்கேன்னு "கீற்றுக்கல்"னு எழுதி வச்சிருக்கேன், கொத்தனார் சிரிக்கறார். உங்க பக்கம் வேற ஏதாவது சொல்றாங்களா?