துவாஸ் கிணற்று நீர் மாதிரியில் குமிழி: யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரின் துவாஸில் ஒரு பழைய தொழிற்சாலை மனையில் நிலத்தடி நீர் மாதிரி எடுக்கிறோம். பென்சீன் (எளிதில் ஆவியாகும் நச்சு வேதிப்பொருள்; குமிழிக்குள் தப்பிவிடும்) சோதனைக்கான 40 மில்லி குப்பியை விளிம்பில் நீர் மேடு கட்டும்வரை நிரப்பி, மூடி, கவிழ்த்துத் தட்டினால் மிளகைவிடப் பெரிய குமிழிகள் கிளம்புகின்றன. கடலைத் தூர்த்த நிலம், சிப்பித் தூள் நிறைய. நீரிலுள்ள கார்பனேட், மாதிரி கெடாமலிருக்கக் குப்பியில் இட்டிருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டுப் பொங்குகிறது என்றுதான் நினைக்கிறேன். அமிலமில்லாத குப்பிக்கு மாறினால் மாதிரியைச் சோதித்து முடிக்க இருக்கும் 14 நாள் கெடு 7 நாளாகிவிடும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

அப்புறம், உலோகச் சோதனைக்கான 0.45 மைக்ரான் வடிகட்டி இந்தச் சேற்று நீரில் பாதியிலேயே அடைத்துக்கொள்கிறது. பம்பின் வேகத்தைக் குறைத்தும் பார்த்தாச்சு. அதே துளை அளவில், பரப்பு பெரிய வடிகட்டி இங்கே சில்லறையாக எங்கே கிடைக்கும்? பெட்டியோடு வாங்க முதலாளி சம்மதிக்கமாட்டார்!