எபிடூரல் போட முடியாதவருக்குத் தோரகாட்டமி: எந்த பிளாக்?

ராயபுரம்:
வணக்கம். நாளை மறுநாள் இடது தோரகாட்டமி (மார்பைத் திறக்கும் அறுவை), 5ஆம் விலா இடைவெளி வழியாக. டிபி எம்பையீமாவுக்கு (நுரையீரலைச் சுற்றிச் சீழ்) டிகார்டிகேஷன், அதாவது தடித்த படலத்தை உரித்தெடுப்பது. எடை 50 கிலோ, பிளேட்லெட் 78,000, தினமும் ராத்திரி 9 மணிக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் இனாக்ஸபாரின் 40 மி.கி. ரத்தக் கசிவு பயத்தால் எபிடூரல் (முதுகுத்தண்டு உறைக்கு வெளியே மரக்கும் மருந்து) போட மனசு வரலை. நரம்பை மரக்கச் செய்யும் பிளாக்கில் பாராவெர்டிப்ரலா (முதுகெலும்பை ஒட்டிய பக்கவாட்டு இடத்தில்), எரெக்டர் ஸ்பைனேவா (முதுகுத் தசைக்கு அடியில்)? வார்டில் மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப் கிடையாது.

தண்டையார்பேட்டை:
பாராவெர்டிப்ரல் வேண்டாம் சார். சீழ் இருக்கும் பக்கம், அதோடு விலாப் படலத்தையே (புளூரா) உரிக்கப் போறாங்க. மருந்து தங்க இடமே இருக்காது. ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடிக்கவும் முடியாது. எரெக்டர் ஸ்பைனே போடுங்க.

மயக்கம் கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு, அல்ட்ராசவுண்டின் லீனியர் புரோபை முதுகின் நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. தள்ளி நீளவாக்கில் வையுங்க. டி5 டிரான்ஸ்வெர்ஸ் பிராசஸ் (5ஆம் மார்பு முள்ளெலும்பின் பக்கவாட்டு நீட்சி) சதுரமாக, அகலமாகத் தெரியும். உருண்டையாகத் தெரிந்து பக்கத்தில் புளூரா மின்னினால் அது விலா எலும்பு. புரோபை உள்பக்கம் நகர்த்துங்க. பெரும்பாலும் தப்பு நடக்கிறது இங்கேதான். ஊசி எலும்பைத் தொட்டதும் 2 மி.லி. சலைன் விட்டுப் பாருங்க. தசை எலும்பை விட்டு நீளமாக மேலே எழணும். தசைக்குள்ளேயே உப்பினால் இன்னும் ஆழம் போகணும்.

பிறகு மருந்து விட உதவும் மெல்லிய குழாயான கதீட்டரை முதலிலேயே போட்டால் கீறல் பாதையில் மாட்டும். தையல் முடிந்த பிறகு, மூச்சு ட்யூப் எடுப்பதற்கு முன் போடுங்க. உள்ளே 5 செ.மீ. விட்டு, தோலடியில் சுரங்கம் போட்டு ஒட்டணும். இல்லாவிட்டால் நோயாளியைப் புரட்டும்போதே வெளியே வந்துடும். கடைசி இனாக்ஸபாரினுக்கும் ஊசிக்கும் 12 மணி நேர இடைவெளி விடுவது நல்லது.

பெரம்பூர்:
அளவுக் கணக்கை முன்கூட்டியே எழுதி வச்சுக்குங்க. மரக்கச் செய்யும் பூபிவகெய்ன் கிலோவுக்கு 2 மி.கி. என்றால் இவருக்கு 100 மி.கி. கீறலுக்கு முன் 0.25 சதவீதம் 20 மி.லி. (50 மி.கி.), முடிவில் கதீட்டர் வழியாக 15 மி.லி. (37.5). மீதி 12.5 மி.கி.தான், அதாவது 5 மி.லி. சர்ஜன் காயத்தில் தனியாக ஊசி போட்டால் வரம்பு தாண்டிடும், அவரிடம் முதலிலேயே சொல்லிடுங்க.

பம்ப் இல்லாட்டியும் பரவாயில்லை. டியூட்டி டாக்டர் 6 மணிக்கொரு தடவை 0.125 சதவீதம் 15 மி.லி. கொடுக்கட்டும். ஒவ்வொரு 5 மி.லி.க்கும் முன் ரத்தம் வருதா என்று உறிஞ்சிப் பார்க்கணும், பிறகு 20 நிமிஷம் பிபி பார்க்கணும். உதடு மரத்தாலோ காதில் இரைந்தாலோ மருந்து ரத்தத்தில் அதிகமாகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்தணும். அந்த நச்சுக்கு மாற்று மருந்தான 20 சதவீத லிபிட் எமல்ஷன் (நரம்பில் ஏற்றும் கொழுப்புத் திரவம்) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும்: முதலில் 75 மி.லி., பிறகு நிமிஷத்துக்கு 12.5 மி.லி. கொழுப்புத் திரவத்தில் வரும் மயக்க மருந்தான புரொபோஃபால் அதுக்கு மாற்று இல்லை.

ராயபுரம்:
நன்றி சார். பிளாக் சரியாக இருந்தும் தோள்பட்டை வலிக்குது என்று சொன்னால்?

தண்டையார்பேட்டை:
அது ஃப்ரெனிக் நரம்பு (உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு) வழியாக வருவது, இந்த பிளாக் அதை எட்டாது. ஐஸ் வைத்துப் பாருங்க. விலாப் பக்கம் குளிர்ச்சி தெரியாவிட்டால் பிளாக் வேலை செய்யுது, கூடுதல் டோஸ் வேண்டாம். பாராசிட்டமால் 750 மி.கி. 6 மணிக்கொரு தடவை, டிபி மாத்திரை எடுப்பவர் என்பதால் கல்லீரல் டெஸ்டைப் பார்த்துட்டு. வலி மருந்தான கீட்டோரோலாக் ரத்தக் கசிவைக் கூட்டும், இந்த பிளேட்லெட்டுக்குக் கூடாது. எரெக்டர் ஸ்பைனே போட்டாலும் முன்மார்பு சில சமயம் முழுசாக மரக்காது. அங்கே வலித்து இருமல் வராமல் தவித்தால் மார்ஃபின் 1 மி.கி. வீதம் பார்த்துப் பார்த்துக் கொடுங்க.