ரிட்டையர் ஆகி முதல் மழைக்காலம், வீட்டுக்குள்ளயே முடங்கிட்டேன், நீங்கள்லாம் எப்படி ஓட்டுறீங்க?

கெடிலக்கரை (கடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மஞ்சக்குப்பம். மே மாசம்தான் ரிட்டையர் ஆனேன், முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ். வெயில் காலத்துல ஒண்ணும் பெருசா தெரியல, காலைல அஞ்சு மணிக்கே கிளம்பி தேவனாம்பட்டினம் சில்வர் பீச் வரைக்கும் நடப்போம், நாலு பேரு செட்டு, திரும்பி வரும்போது டீக்கடைல அரை மணி நேரம் அரசியல், வீட்டுக்கு வந்து பேப்பர், மார்க்கெட், அப்படியே பொழுது போயிடும். ஐப்பசி பொறந்துச்சு, மழை புடிச்சிக்கிச்சு, அதோட எல்லாம் போச்சு. செட்டுல ஒருத்தர் பையன் வீட்டுக்கு பெங்களூர் போயிட்டார், ஒருத்தருக்கு முட்டி வலி, இன்னொருத்தர் போன் பண்ணா "மழை விடட்டும் சார்"ங்கிறார். நானும் மழை விடட்டும்னு உக்காந்தேன், மழை விட்ட நாள்லயும் உக்காந்தேதான் இருக்கேன், அதான் பிரச்சனையே.

எழுந்திருக்கறது எட்டு மணி. டிவில அந்த புயல் சுழல் எங்க இருக்கு, எப்ப கரைய கடக்கும்னு பாத்துட்டு இருப்பேன். தானே புயல்ல எங்க வீட்டு மாமரம், தென்னைன்னு ஒண்ணு நிக்காம சாஞ்சிது, அதுலேருந்து சுழல்னு சொன்னாலே டிவி முன்னாடிலேருந்து எழுந்திருக்க முடியல. நடுவுல பஜ்ஜி, மல்லாட்டை (வேர்க்கடலை) வறுத்தது. மூணு மாச சுகர் 7.1 இருந்தது இப்ப 7.9. வீட்டம்மா வேற "ஆபீஸ்லயே இன்னும் ரெண்டு வருஷம் வெச்சிக்கிட்டிருக்கலாம் உங்கள"ன்னு சொல்லிட்டாங்க, சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க, ஆனாலும் சுருக்குன்னுது. தை மாசம் வரைக்கும் இப்படியே போனா நான் தாங்க மாட்டேன். யாராவது இதுலேருந்து வெளிய வந்திருந்தா சொல்லுங்க.

வெயிட்டிங் லிஸ்ட்

டிவி ரீசார்ஜ் முடியும்போது திரும்ப போடாதீங்க. நான் அப்படித்தான் பண்ணேன். மத்தத அனுபவஸ்தங்க சொல்லுவாங்க.

முத்தியால்பேட்டை சிஸ்டர்

சார், நான் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ, பாண்டி. 7.9ன்னா டாக்டர்கிட்ட போய் காட்டுங்க, இங்க எழுதுறத நம்பி மாத்திரைய கூட்டவோ கொறைக்கவோ வேணாம். அப்புறம் மழை விட்ட உடனே விட்டத புடிக்கணும்னு அஞ்சு மணிக்கு இருட்டுல ஓடாதீங்க. நம்ம ஊர்ல ஜனவரிலயே விடியக்காலைல 20, 21 டிகிரிதான், இதெல்லாம் குளிரான்னு வடக்க இருக்கறவங்க சிரிப்பாங்க, ஆனா வருஷம் பூரா வேர்வைல இருக்கிற உடம்புக்கு அது குளிருதான், குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், அதுவும் தூங்கி எழுந்த உடனே. மார்கழில பொழுது விடியறதே ஆறு இருபதுக்கு மேலதான். ஏழு மணிக்கு மேல போங்க, ஒண்ணும் குடி முழுகாது, உங்கள அட்டெண்டன்ஸ் எடுக்க இப்ப யாரும் இல்லியே.

உங்களுக்கு சுகர் இருக்கறதால இன்னொண்ணு. தேங்கின தண்ணில வெறும் கால்ல எறங்காதீங்க. கால்ல சின்ன கீறல் இருந்தாலும் போதும், எலிக்காய்ச்சல் வர்றது அந்த வழியாதான், சுகர் கால்ல புண்ணு ஆறவும் லேட்டாகும். மாடிப்படி, கெணத்தடி பாசிய மொதல்ல தேய்ச்சி விடுங்க. எங்க வார்டுல மழை மாசத்துல இடுப்பு எலும்பு ஒடஞ்சி வந்தவங்கள்ல நெறைய பேரு ரோட்டுல விழுந்தவங்க கெடையாது, சொந்த வீட்டு பாத்ரூம்ல, கொல்லைல விழுந்தவங்க.

வெளிய போக முடியாத நாளைக்கு வீட்டுக்குள்ளயே போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150 நிமிஷம் கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி நடை, அதுக்கு மேல ரெண்டு நாளாவது சதைக்கு வேலை, 65 தாண்டினவங்களுக்கு மூணு நாள் பேலன்ஸ் பயிற்சியும். நம்ம ஆளுங்க நடந்தா போதும்னு நெனைக்கிறாங்க, தொடைல சதை கரையறத யாரும் கவனிக்கறதில்ல. கை வெக்காத நாற்காலில உக்காந்து கைய ஊணாம எழுந்திருங்க, பத்து தடவை, காலைல ஒரு ரவுண்டு சாயங்காலம் ஒரு ரவுண்டு. செவுத்த புடிச்சிக்கிட்டு ஒத்தக்கால்ல நில்லுங்க. மொத நாள் மூணு செகண்ட் கூட நிக்க முடியலன்னா வெக்கப்படாதீங்க. மழைல தாகம் எடுக்காது, அதுக்காக தண்ணி குடிக்காம இருக்காதீங்க.

அதிகாலை பஜனை

மார்கழி வரட்டும் சார், 4 மணிக்கு எழுந்து குளிச்சிட்டு திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் வாங்க. திருவெம்பாவை, திருப்பாவைன்னு தெரு சுத்தி வருவோம். அந்த நேரத்துல ஓசோன் பூமிக்கு கிட்ட வருது, நுரையீரலுக்கு அவ்ளோ நல்லது, நம்ம முன்னோர்கள் சும்மா வெக்கல. சிஸ்டர் சொல்ற மாதிரி ஏழு மணிக்கு எழுந்தா அது கெடைக்காது.

பழைய கெமிஸ்ட்ரி வாத்தியார்

இந்த ஓசோன் கதைய வருஷா வருஷம் வாட்ஸப்ல பாக்கறேன், முப்பது வருஷம் பாடம் நடத்தினவனுக்கு சும்மா இருக்க முடியல. ஓசோன் படலம் நம்ம தலைக்கு மேல சுமார் 15லேருந்து 35 கிலோமீட்டர் ஒசரத்துல கெடக்கு, அது மார்கழிக்குன்னு எறங்கி பாடலீஸ்வரர் கோயில் தெருவுக்கெல்லாம் வராது. தரை கிட்ட உண்டாகிற ஓசோன் வேற, வண்டிப்புகை மேல வெயில் பட்டு உருவாகறது, அது நுரையீரலுக்கு கெடுதல், மத்தியானத்துலதான் ஜாஸ்தி, விடியக்காலைல கம்மி. அதனால 4 மணிக்கு எழுந்தா ஓசோன் *கொறச்சலா* கெடைக்கும், அது நல்லதுதான் போங்க. பனி மூட்டத்துல புகை மேல போகாம கீழயே தங்கும், போகி அன்னைக்கு காலைல டயர் கொளுத்துறானுங்க பாருங்க, அன்னைக்கு மட்டும் யாரும் வெளிய நடக்காதீங்க, மூச்சு தொந்தரவு இருக்கறவங்க கதவையே தெறக்காதீங்க.

ஆனா பஜனைக்கு போறத நான் தடுக்கல. நானே போறேன், சாமி பக்தி அவ்வளவா கெடையாது. எதிர்வீட்டுக்காரர் அஞ்சரைக்கு வந்து ஜால்ராவால கேட்டை தட்டுவார், எழுந்திருக்கலன்னா தெருவே எழுந்திருக்கும். அந்த மானத்துக்கு பயந்து முப்பது நாளும் போயிடறேன். வெண்பொங்கலும் ஒரு காரணம்னு வெச்சிக்கோங்க, சுகர் இருக்கறவரு ஒரு தொன்னையோட நிறுத்திக்கணும்.

அதிகாலை பஜனை

சரி வாத்தியாரே, ஓசோன விட்டுடறேன். அஞ்சரை மணிக்கு வாங்க.

லாஸ்பேட்டை பொண்ணு

நான் ரிட்டையர் ஆகல, எங்க அப்பாவுக்காக எழுதறேன் அங்கிள். அவரும் இதே மாதிரிதான், பாண்டில பீச் ரோடுல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வண்டி விட மாட்டாங்க இல்லியா, காந்தி சிலைலேருந்து அந்த கோடி வரைக்கும் தெனம் நடப்பாரு, மழை வந்தா நின்னுடும். நாங்க ட்ரெட்மில் வாங்கி குடுத்தோம். அதுல இப்ப துணி காயுது, மழைல அதுக்காவது ஆச்சேன்னு அம்மா சொல்றாங்க.

அவரு மாறினது பறவைங்களால. ஊசுட்டேரி பக்கம் ஒரு கல்யாணத்துக்கு போனப்ப ஏரில நாமக்கோழி கூட்டம் கூட்டமா நிக்கறத பாத்துட்டு வந்து பேரக்குழந்தைகிட்ட அதையே ரெண்டு நாள் பேசினாரு. மழை முடிஞ்சி ஏரி ரொம்புற நேரம்தான் வெளிநாட்டுலேருந்து ஊசிவால் வாத்தெல்லாம் வருதாம், மார்ச்சு வரைக்கும் இருக்குமாம். பழைய பைனாகுலர் ஒண்ணு வாங்கி குடுத்தோம், ட்ரெட்மில்ல விட ரொம்ப ரொம்ப சீப். பொங்கல் லீவுல நாலு நாள் பறவை கணக்கெடுப்பு நடக்கும், 2015லேருந்து தமிழ்நாடு, பாண்டி எல்லாம் பண்றாங்க, எங்கயாச்சும் ஒரு எடத்துல பதினஞ்சு நிமிஷம் நின்னு பாத்த பறவைய எண்ணி இ-பேர்ட்ங்கிற பறவை கணக்கு வெப்சைட்ல ஏத்தணும், அவ்ளோதான், மொட்டை மாடிலேருந்து கூட பண்ணலாம். போன வருஷம் அப்பா காக்காய 41ன்னு போட்டுட்டு, ஒண்ண ரெண்டு தடவை எண்ணிட்டனோன்னு ராத்திரி தூங்கல 😄. கடலூர்ல உங்களுக்கு பெண்ணையாறு, கெடிலம், உப்பனாறுன்னு மூணு எடம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு.

மாடித்தோட்டம்

தோட்டம் போடுங்க சார். ஆனா அடை மழைல வெதை போட்டா அழுகிடும், இப்ப பை, தென்னைநார் கழிவு, மக்குன எருவெல்லாம் ரெடி பண்ணி வெச்சிட்டு மழை ஓஞ்சதும் கீரை, முள்ளங்கி போடுங்க. தொட்டிக்கு அடில வெக்கிற தட்டுல தண்ணி நிக்க விடாதீங்க, வாரத்துக்கு ஒரு நாள் கண்டிப்பா கவுத்துடணும், டெங்கு கொசு பகல்லதான் கடிக்கும், அழுக்கில்லாத தண்ணிலதான் முட்டை வெக்கும்.

தபால் பெட்டி

கெடிலக்கரை சார், நான் சொல்றது கொஞ்சம் வேற மாதிரி. ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, புதுப்பாளையம்தான். மொத ரெண்டு மழைக்காலம் நீங்க எழுதினதுக்கு மேல மோசம், வேட்டிய மாத்தவே சோம்பேறித்தனம். மூணாவது வருஷம் நவம்பர்ல தற்செயலா பக்கத்து வீட்டு பாட்டிக்கு லைஃப் சர்டிபிகேட், அதான் பென்ஷன் நிக்காம வர உயிரோட இருக்கேன்னு வருஷா வருஷம் குடுக்கற சான்று, போட்டு குடுத்தேன். குடும்ப பென்ஷன், நடக்க முடியாதவங்க, மழைல ஆட்டோ வெச்சி பாங்குக்கு போயி, அங்க கைரேகை விழலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, வயசானா ரேகை தேஞ்சிடும் இல்லியா. அந்த சான்ற ஆன்லைன்ல குடுக்கற ஜீவன் பிரமாண் 2014லயே வந்துது, அப்ப ரேகை மெஷின் வேணும், 2021லேருந்து போன்ல மொகத்த காட்டினாலே போதும்னு ஆயிடுச்சு, அத நான் போன்ல போட்டு வெச்சிருந்தேன். பாட்டிய ஜன்னல் வெளிச்சத்துல உக்கார வெச்சி கண்ண சிமிட்ட சொல்லி பத்து நிமிஷத்துல முடிச்சோம். அந்தம்மா தெரு பூரா சொல்லிட்டாங்க.

இப்ப நவம்பர் மாசம் எனக்கு உக்கார நேரம் கெடையாது. மத்திய அரசு பென்ஷன்காரங்களுக்கு நவம்பர்தான் கணக்கு, 80 தாண்டினவங்க அக்டோபர் ஒண்ணுலேருந்தே குடுக்கலாம், ஈபிஎஃப் பென்ஷனுக்கு எப்ப குடுத்தாலும் அதுலேருந்து ஒரு வருஷம். கொடைய எடுத்துக்கிட்டு வீடு வீடா போவேன், ஒரு நாளைக்கு நாலு வீடு, மூணாவது மாடிகூட ஏறுவேன். எவ்ளோ நடக்கறேன்னு எண்ணினதே இல்ல. "பதினோரு மணிக்கு வர்றேன்"னு ஒரு எண்பத்தஞ்சு வயசு ஆளுகிட்ட சொல்லிட்டா, அவரு பத்து மணிக்கே சட்ட போட்டுக்கிட்டு திண்ணைல உக்காந்திருப்பாரு சார், தூறலுக்கெல்லாம் போகாம இருக்க முடியுமா? எனக்காக நடன்னா நான் நடக்க மாட்டேன், அது எனக்கு தெரியும்.

காசு வாங்காதீங்க, ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அவங்களுக்கு மொதல்ல நீங்களே சொல்லுங்க, கூட வீட்டு ஆளு ஒருத்தர் இருக்கும்போது மட்டும் பண்ணுங்க. காபி வேணாம்னு சொன்னா கோச்சிக்கிறாங்க, அது ஒண்ணுதான் கஷ்டம், சக்கரை இல்லாம கேளுங்க.

கெடிலக்கரை (கடலூர்)

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு வாரம் கழிச்சி வர்றேன். சிஸ்டர், டாக்டர பாத்துட்டேன், மாத்திரைய மாத்தியிருக்கார். ஒத்தக்கால்ல மொத நாள் நாலு செகண்ட், இப்ப பதினொண்ணு, வீட்டம்மா இருபது நிக்கிறாங்க, தெனம் போட்டி. பாசிய ப்ளீச்சிங் போட்டு தேச்சாச்சு. டிவி அப்படியேதான் இருக்கு, அத விட முடியல, பொய் சொல்ல மாட்டேன்.

தபால் பெட்டி சார், உங்கள பாத்துதான் எங்க தெருவுல ஆரம்பிச்சேன். மொத ஆளு என் பழைய ஹெட்கிளார்க், அவருகிட்ட இருபது வருஷம் திட்டு வாங்கியிருக்கேன், இப்ப அவர கண்ண சிமிட்டு, தலைய ஆட்டாதன்னு நான் சொல்றேன். இது வரைக்கும் ஏழு பேரு ஆச்சு. அதுல ஒருத்தர் தை அஞ்சாம் நாள் ஆத்துத் திருவிழாவுக்கு பெண்ணையாத்துக்கு தன்ன கூட்டிட்டு போகணும்னு இப்பவே கேட்டு வெச்சிட்டார், சுருளிக்கிழங்கு வாங்கணுமாம், அவருக்கு மணல்ல நடக்க ஒரு தோள் வேணும்.

ஒரு சந்தேகம். நாளைக்கு காலைல ஒரு வீட்டுக்கு போகணும், ரயில்வே பென்ஷன், 82 வயசு. பிபிஓ நம்பர் (பென்ஷன் ஆர்டர் நம்பர்) எழுதி வெச்ச நோட்டு தண்ணி பூந்து நாசமாயிடுச்சாம். நம்பர் இல்லாம போட முடியுமா?

தபால் பெட்டி

நம்பர் வேணும் சார். பாங்க் பாஸ்புக் மொத பக்கத்துல பாருங்க, அதுலயே எழுதியிருக்க சான்ஸ் இருக்கு. இல்லன்னா போன வருஷம் குடுத்த லைஃப் சர்டிபிகேட் காப்பி பீரோல எங்கயாவது இருக்கும், அவங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க, அவருக்கு தெரியாது.