தமிழ்ப் பள்ளிக் கட்டடத்துக் கூரையில கல்நார்: ரம்பம் போட்டு அறுக்கலாமா?

நோவை வாத்தியார் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். டெட்ராய்ட் பக்கம் எங்க தமிழ்ப் பள்ளிக்குன்னு ஒரு பழைய கட்டடம் வாங்கியிருக்கோம். முன்னாடி ஃபர்னிச்சர் கடையா இருந்தது. 1960கள்ல கட்டினது, ஒரே தளம், தட்டைக் கூரை. மேல தாரும் பொடிக்கல்லும். மழை பெஞ்சா மூணாம் வகுப்பு அறையில வாளி வைக்கணும், அதனால கூரையை மொத்தமா மாத்துறதுன்னு கமிட்டியில முடிவாச்சு.

வங்கிக்காரங்க கேட்டதால கூரையில சாம்பிள் எடுத்தோம். பழைய கூரை 7,200 சதுர அடி. அதோட அடியில இருக்கிற தார் ஃபெல்ட்லயும் (தார்ல ஊறின விரிப்பு), தண்ணி புகாம கைப்பிடிச் சுவர் ஓரம் ஏத்தி ஒட்டியிருக்கிற பிளாஷிங் பட்டையிலயும் கிரைசோடைல்ங்கிற வகைக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. பின்னாடி கட்டின 1,200 சதுர அடியில ஒண்ணும் இல்லை.

மூணு கொட்டேஷன் வாங்கினோம். ரொம்பக் கம்மியா கேட்டவர் சொல்றார்: “இது தார்ல ஊறிக் கிடக்கிற சரக்கு, காத்துல பறக்காது. சட்டமே இதை ஆபத்தில்லாத வகைன்னுதான் சொல்லுது. சனிக்கிழமை ரம்பம் போட்டு அறுத்து, கீழ டம்ப்ஸ்டர் குப்பைத் தொட்டியில தள்ளிட்டு, ஞாயித்துக்கிழமை புதுசு ஒட்டிடுவோம்.” இன்னொருத்தர் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கேக்கறார். அதுபோக, அரசாங்கத்துக்கு முன்கூட்டி எழுதிப் போட்டுட்டுத்தான் கூரையில கால் வைப்பேன்னும் சொல்றார்.

பொருளாளர் முதல் ஆள் பக்கம். கமிட்டியில ஒரு பெரியவர், “பெற்றோர் எல்லாம் சேர்ந்து உழவாரப் பணி மாதிரி பழசைப் பேத்துப் போட்டுட்டா இன்னும் மிச்சம்”ங்கிறார். இந்த வேலை தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க, அந்தக் காண்டிராக்டர் சொல்றது சரியா?

காண்டன் மாமா

தம்பி, எங்க வீட்டுக் கராஜ் கூரையை நானும் பையனும் சேர்ந்துதான் பிரிச்சோம். பழைய சிங்கிள்ஸ் (ஓடு மாதிரி அடுக்குற தார்த் தகடு), அதுலயும் கல்நார் இருந்திருக்கும். யாரும் வந்து ஒரு கேள்வி கேக்கலை. கவர்மெண்டுக்கு நாமளா எழுதிப் போட்டு வம்பை விலைக்கு வாங்காதீங்க. மூக்குல துணி கட்டிக்கிட்டா போதும்.

ஏணிக்காரன்

வாத்தியாரே, அந்தக் காண்டிராக்டர் பாதி உண்மை சொல்லியிருக்கார். சொல்லாம விட்ட பாதிதான் உங்க பள்ளியை மாட்டிவிடும். மிச்சிகன்ல கட்டடங்களுக்குக் கல்நார் சர்வே பண்றது என் தொழில். தார்க் கூரையில நாலு மூலையிலயும் ஓட்டை போட்டுச் சாம்பிள் எடுத்து, அந்த ஓட்டையை ஒழுகாம அடைச்சுட்டு இறங்குறதுதான் என் வேலைநாள்.

அவர் சொன்ன உண்மை இதுதான். க்ளீன் ஏர் ஆக்டுங்கிற காற்றுச் சட்டத்துக்குக் கீழ, மத்திய அரசோட சுற்றுச்சூழல் அமைப்பான ஈபிஏ 1973ல போட்ட கல்நார் விதி இருக்கு. தொழில்ல அதை நெஷாப்னு கூப்பிடுவோம். தார்க் கூரைச் சரக்கு அதுல முதல் வகை, அதாவது கையால நசுக்கினா பொடியாகாத வகை. ஒரு சதவீதத்துக்கு மேல கல்நார் இருந்தாலும், நல்ல நிலைமையில முழுசா கிடக்கிற வரைக்கும் அந்த விதி அதைத் தொடாது. “ஆபத்தில்லாத வகை”ன்னு எங்கயும் எழுதலை, அது அவர் சேர்த்துக்கிட்டது.

அதே விதியில கொஞ்சம் தள்ளிப் படிச்சா, முதல் வகைச் சரக்கை அறுத்தாலோ, தேய்ச்சாலோ, அரைச்சாலோ அது கட்டுப்பாட்டுக்குள்ள வந்துடும்னு இருக்கு. கூரையை வெட்டினா துண்டு வரும், ரம்பத்தால அறுத்தா தூள் வரும். ஈபிஏவுக்கு அக்கறை அந்தத் தூள் மேலதான்.

எவ்வளவு அறுத்தா எவ்வளவு தூள்னு கூரைக்காரங்க சண்டை போட்டதால, 1994ல கூரை வேலைக்குன்னே ஒரு விளக்கத்தை விதியோட பின்னிணைப்பா சேர்த்தாங்க. சுழல் ரம்பம் வச்சு 5,580 சதுர அடி தார்க் கூரையை எடுத்தா, 160 சதுர அடிக் கட்டுப்பாட்டுச் சரக்கு உண்டானதாக் கணக்கு. புதுப்பிப்பு வேலையில நெஷாப் பாயத் தொடங்குற வாசப்படியே அந்த 160 தான். உங்க கூரை 7,200. சனிக்கிழமை அவர் ரம்பத்தை ஓட்டினா நீங்க வாசப்படியைத் தாண்டியாச்சு.

தாண்டினா என்ன? வேலை தொடங்க குறைஞ்சது 10 வேலைநாள் முன்னாடி எழுத்துல அறிவிப்பு போகணும். நம்ம மாநிலத்துல அது சுற்றுச்சூழல் துறையோட காற்றுத் தரப் பிரிவுக்கு. இந்த விதியில பயிற்சி எடுத்த ஒருத்தர் வேலை நடக்கும்போது இடத்துலயே இருக்கணும். அறுக்கிற இடம் ஈரமாவே இருக்கணும். விழுந்த தூளை அப்பப்போ நுண்தூளையும் பிடிக்கிற ஹெப்பா வாக்குவம்ல எடுக்கணும், ஈரத்தோட கசியாத பையில கட்டி லேபிள் ஒட்டணும், எந்த லேண்ட்ஃபில்லுக்கு (குப்பை புதைக்கிற இடம்) போச்சுங்கிறதுக்குச் சீட்டு வச்சிருக்கணும். ரெண்டாமவர் ரெண்டு மடங்கு கேக்கறதும் எழுதிப் போடணும்ங்கிறதும் இதுக்குத்தான். அவரைத் திட்டாதீங்க.

இதுல பொறுப்பு கட்டடச் சொந்தக்காரருக்கும் உண்டு, வேலை செய்யறவருக்கும் உண்டு. காண்டிராக்டர் தப்புப் பண்ணினார், எங்களுக்குத் தெரியாதுன்னு பள்ளி சொல்லிக்க முடியாது. அதுவும் சர்வே ரிப்போர்ட் உங்க கையிலயே இருக்கு.

மாமா, உங்க கராஜ் கதை இங்க பொருந்தாது. நாலு குடித்தனம் வரைக்கும் உள்ள வீட்டுக் கட்டடங்களை நெஷாப் பொதுவா விட்டுடுது. அதான் யாரும் வரலை. பள்ளிக் கட்டடம் அந்தக் கணக்குல வராது. மூக்குத் துணியைப் பத்தி ஒண்ணே ஒண்ணு: கல்நார் இழை அந்தத் துணிக்குள்ள சாதாரணமாப் புகுந்து போகும். நோவு தெரிய இருபது, முப்பது வருஷம்கூட ஆகும். உங்க பையனுக்காவது அடுத்த தடவை நல்ல மாஸ்க் வாங்கிக் குடுங்க.

உழவாரப் பணி வேண்டவே வேண்டாம். கோயில் பிரகாரத்துல புல் பிடுங்குறது வேற. கூரைப் பிரிப்பு ஓஷா, அதாவது தொழிலாளர் பாதுகாப்பு விதி, கணக்குல ரெண்டாம் வகுப்புக் கல்நார் வேலை, பயிற்சி எடுத்தவங்கதான் செய்யணும். சம்பளம் வாங்காத பெற்றோருக்கு ஓஷா பாதுகாப்பு பொதுவாக் கிடையாது. அடிபட்டாலோ நாளைக்கு நோவு வந்தாலோ பள்ளியைத்தான் கேப்பாங்க.

நோவை வாத்தியார்

ரொம்ப நன்றி சார், இவ்வளவு தெளிவா யாரும் சொல்லலை. கமிட்டியில இதைப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு சந்தேகம். இந்த வருஷம் 3,600 சதுர அடி, அடுத்த வருஷம் மீதின்னு பிரிச்சுக்கிட்டா 5,580க்குக் கீழ வந்துடுமே? இல்லேன்னா ரம்பமே இல்லாம செய்யச் சொல்லலாமா? பொருளாளர் மூணாவதா ஒண்ணு கேக்கறார், பழசு மேலயே புதுசைப் போட்டு மூடிட்டா என்னன்னு.

ஏணிக்காரன்

முதல் யோசனை பொருளாளரோடதுன்னு ஊகிக்கிறேன். ஒரே கூரையை மாத்துறதுன்னு கமிட்டி தீர்மானம் போட்டுட்டு, விதியைத் தவிர்க்கறதுக்காக ரெண்டாப் பிரிச்சா அது எடுபடாது. உங்க மினிட்ஸ் புத்தகமே உங்களுக்கு எதிர்சாட்சி ஆயிடும்.

ரம்பம் இல்லாம செய்யறது நல்ல வழி. கோடாலி, கத்தி, மண்வெட்டி, கடப்பாரை வச்சு வெட்டியும் நெம்பியும் எடுத்தா இந்த நெஷாப் வாசல் திறக்கவே திறக்காதுன்னு அந்த 1994 விளக்கமே சொல்லுது. ஆனா ரம்பம்னு ஒண்ணு உள்ள வரக்கூடாது. கொட்டேஷன்ல “கைக்கருவி”ன்னு பொதுவா எழுத விடாதீங்க. “சுழல் ரம்பமோ வேற எந்த ரம்பமோ பயன்படுத்த மாட்டோம்”னு எழுதி வாங்குங்க. வேலை மெதுவாப் போகும், கூலி ஏறும். அப்பவும் ரெண்டாமவர் விலையைவிடக் குறையலாம்.

இன்னொண்ணு, கைவேலைன்னாலும் ஓஷா போகாது. காத்துல ஒரு கனசென்டிமீட்டருக்கு 0.1 இழை, எட்டு மணி நேரச் சராசரிக்கு அதான் எல்லை. கூரையிலேருந்து எதையும் தூக்கி எறியக்கூடாது. மூடின சரிவுக்குழாய் வழியாவோ கிரேன்லயோ, இல்லைன்னா கைக்குக் கை மாத்தியோதான் இறக்கணும். “கீழ டம்ப்ஸ்டர் குப்பைத் தொட்டியில தள்ளிட்டு”ன்னு முதல் ஆள் சொன்னாரே, அந்த ஒரு வார்த்தையிலயே அவர் கொட்டேஷனைக் கிழிச்சுப் போட்டிருப்பேன். கூரை மேல இருக்கிற ஹீட்டிங், ஏசி யூனிட்டுக்குக் காத்து இழுக்கிற வாய்களை அடைக்கணும், இல்லை யூனிட்டையே நிறுத்தணும். வேலை நடக்கிற வாரம் வகுப்பை வேற இடத்துல வச்சுக்கோங்க.

மூடிப் போடறதைப் பத்தி. கட்டட விதிப்படி பொதுவா ரெண்டு அடுக்குக் கூரைதான் அனுமதி. ரிப்போர்ட்ல கோர் சாம்பிள் (கூரையைக் கீழ வரைக்கும் குடைஞ்சு எடுத்த துண்டு) படத்தைப் பாருங்க. ஏற்கெனவே ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு கூரை இருந்தா கதை முடிஞ்சது. ஒரே அடுக்குன்னாலும், மூணாம் வகுப்புல வாளி வைக்கிற அளவு ஒழுகுதுன்னா உள்ள இன்சுலேஷன் ஊறிப் போயிருக்கும், ஊறினதை மூடினா அடியில இருக்கிற தளம் அழுகும். நான் மூட மாட்டேன்.

கடைசியா ஒண்ணு, யாரும் கேக்கலை, நானே சொல்றேன். உள்ள போய் சீலிங் பலகையைத் தூக்கி, கூரைத் தளத்தோட அடிப்பக்கத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. இரும்பு விட்டத்துல பஞ்சு மாதிரி எதையாவது தெளிச்சு ஒட்டியிருந்தா கை வைக்காம எனக்குச் சொல்லுங்க. கல்நார் கலந்த தீத்தடுப்புத் தெளிப்பை 1973லதான் நிறுத்தினாங்க, உங்க கட்டடம் அதுக்கு முந்தினது. மேல கடப்பாரை போடுற அதிர்வுல அது உதிர்ந்து வகுப்பறைக்குள்ளயே கொட்டும். தார்ல ஊறின ஃபெல்ட்டைவிட எனக்கு அதுதான் பயம்.

தேனிப் பொண்ணு

அண்ணா, நடுவுல புகுந்து கேக்கறேன், மன்னிச்சுக்கோங்க. ஊர்ல அம்மா வீட்டு மாட்டுக் கொட்டகையில சிமெண்ட் ஷீட் போட்டு ரொம்ப வருஷமாச்சு, பாசி பிடிச்சுக் கிடக்கு. இந்தப் பொங்கலுக்குள்ள மாத்தறதா அம்மா சொல்றாங்க. அதுவும் இதே சரக்குதானா?

ஏணிக்காரன்

கல்நார் ஒண்ணுதான்மா, ஆனா பிடிமானம் வேற. இங்க தார் பிடிச்சிருக்கு, அங்க சிமெண்ட். சிமெண்ட் ஷீட் உடைஞ்சா பொடியாகும், அதனால இங்க அதைத் தனியா ரெண்டாம் வகைன்னு வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல புதுசாவே இன்னும் விக்கறாங்க, அதனால பழசைக் கழட்ட வர்றவங்களுக்கு இதெல்லாம் பெரிசாத் தெரியாது. அம்மாகிட்ட போன்ல சொல்லிடுங்க.

ஷீட் மேல யாரும் ஏறக்கூடாது. பழைய ஷீட் காலடியில ஒடியும், ஆள் கீழ மாட்டுத் தொட்டியில விழுவார். கல்நாருக்கு முன்னாடி அதுதான் ஆளைக் கொல்லும். சாரம் கட்டிக் கீழேருந்து வேலை செய்யணும், இல்லைன்னா பலகை போட்டு அதுமேல நிக்கணும். ஒரு நாள் முன்னாடி பாசியைச் சுரண்டறேன், கம்பி பிரஷ் போடறேன்னு யாராவது கிளம்பினா தடுத்துடுங்க. ஷீட்டை நல்லா நனைச்சுட்டு, கொக்கி போல்ட்டோட நட்டை வெட்டி எடுத்துட்டு, ஷீட்டை முழுசா ரெண்டு பேர் பிடிச்சு இறக்கணும். சுத்தியலால தட்டி உடைச்சு இறக்கறதுதான் ஊர் வழக்கம், அதை விட்டுடணும். மாட்டை அன்னிக்கு வேற இடத்துல கட்டுங்க, வைக்கோல் போரைத் தார்ப்பாய் போட்டு மூடுங்க. இறக்கினதைப் பெரிய பிளாஸ்டிக் தாள்ல சுத்திக் கட்டி வைக்கணும்.

அக்கம்பக்கத்துல யாராவது கோழிக்கூண்டுக்குக் கேப்பாங்க, இல்லை உடைச்சுப் பாதைக்குப் போட்டுக்கறேன்பாங்க. குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க.

நோவை வாத்தியார்

சார், சீலிங் பலகையைத் தூக்கிப் பார்த்துட்டேன். மேடைப் பக்கம் வெறும் இரும்புதான். ஆனா பழைய லோடிங் டாக் (சரக்கு ஏத்தி இறக்குற இடம்) பக்கம் ரெண்டு விட்டத்துல சாம்பல் நிறத்துல பஞ்சு மாதிரி இருக்கு. தொடலை. பலகையை மெதுவாத் திருப்பி வச்சுட்டு அந்த அறையைப் பூட்டியாச்சு.

ஏணிக்காரன்

சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அந்த அறைக்குப் போற ஏசி டக்ட்டை இன்னிக்கே அடைக்கச் சொல்லுங்க. கூரைக் காண்டிராக்டர் யார்கிட்டயும் இப்ப கையெழுத்துப் போடாதீங்க. உங்களுக்கு சர்வே பண்ணின இன்ஸ்பெக்டர் கூரையை மட்டும்தான் பார்த்திருக்கார், வங்கி அதைத்தான் கேட்டிருக்கும். அவரையே திரும்பக் கூப்பிட்டு உள்பக்கம் சாம்பிள் எடுக்கச் சொல்லுங்க. அது கல்நார்னு வந்தா முதல்ல அதை எடுக்கணும், கூரை அதுக்கு அப்புறம்தான். ரிப்போர்ட் வந்ததும் இங்கயே போடுங்க, பார்க்கறேன்.