1871 சட்டம் தருமபுரிக்கு வந்ததா, வரவில்லையா?

தகடூரான்:
கூவாகம் திருவிழாப் படங்களுக்குக் கீழே ஓசூர் மாறன் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. "நம் மரபில் மூன்றாம் பாலினத்தவர் மதிப்போடு வாழ்ந்தார்கள். 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டுத்தான் அவர்களைத் தெருவுக்குத் தள்ளினான்" என்கிறார். அதற்கு ஏகப்பட்ட கைதட்டல் வேறு. அந்தச் சட்டத்தில் அலிகளுக்கென்றே இரண்டாம் பகுதி இருந்தது உண்மை. பெயரைப் பதிவு செய், பெண் உடையில் பொது இடத்துக்கு வந்தால் பிடி என்றெல்லாம் இருந்தது. ஆனால் அது நடைமுறையில் இருந்தது வடமேற்கு மாகாணம் (இன்றைய உத்தரப் பிரதேசம்) பக்கம். சென்னை மாகாணத்துக்கு அது வரவில்லை. நாம் அப்போது சேலம் ஜில்லா. குற்றப்பரம்பரைச் சட்டம் நம் பக்கம் வந்தது 1911-ல். அதில் அந்தப் பகுதியே கிடையாது. அப்படியானால் தருமபுரியில் இவர்களை வீட்டை விட்டு விரட்டியது எந்த வெள்ளைக்காரன்? பெயர் சொல்லுங்கள்.

ஓசூர் மாறன்:
வணக்கம் சார். உங்களுக்குத் தூக்கம் வராததற்கும் என்மேல்தான் பழியா? போன மாசம் அதியமான் கோட்டை விவகாரத்தில் மூக்குடைபட்டதை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பேடி என்கிற சொல்லை "ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி" என்று சொல்லி, உயர்திணையில் வைத்து, ஆண்பால் முடிவு கொடுக்கக் கூடாது என்று விதி போட்டிருக்கிறார். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடலில் பேடி வேடத்தில் ஆடும் பேடு ஒன்று. அது காமன் ஆடியது. எந்த நாட்டு இலக்கணத்தில் இவர்களுக்கு இடம் இருக்கிறது, காட்டுங்கள்.

தகடூரான்:
இலக்கணத்தில் விகுதி கொடுத்தால் வீட்டில் திண்ணை கொடுத்ததாக ஆகிவிடுமா? அதே தமிழில்தான் வள்ளுவர் இருக்கிறார். முயற்சி இல்லாதவன் பிறருக்கு உதவ நினைப்பது பேடி கையில் வாள் இருப்பது போல என்கிறார் (614). அவைக்கு அஞ்சுகிறவன் படித்த நூலும் பேடி கை வாள்தான் (727). நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போய், அஃறிணை போலவும் வரும் என்கிறது. மதிப்பாம் மதிப்பு. சரி, அதை விடுங்கள். நான் கேட்டது 1871. வந்ததா, வரவில்லையா?

பாலக்கோடு தக்காளி:
நடுவில் ஒரு சந்தேகம். பேடி, அரவாணி, ஹிஜ்ரா, திருநங்கை எல்லாம் ஒன்றா? முகலாய அந்தப்புரத்தில் இருந்த, ஆண்மை நீக்கப்பட்ட குவாஜாசராக்களும் கூவாகம் போகிறவர்களும் ஒரே ஆட்களா? பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளை இதில் எங்கே வைக்கிறீர்கள்? இதைத் தீர்த்துக்கொண்டு பேசினால் நன்றாக இருக்கும்.

ஓசூர் மாறன்:
அந்தப்புரத்தை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி தம்பி. மாலிக் காபூர் யார்? ஆண்மை நீக்கப்பட்டவன், டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் படைத்தலைவன். 1311-ல் மதுரை வரை வந்தவன். மதிப்பில்லாத ஆளிடம் யாராவது படையைக் கொடுப்பார்களா?

தகடூரான்:
அவன் மதுரையைக் கொள்ளையடிக்க வந்தவன் சாமி! அடிமையாக வாங்கப்பட்டவன். அவனைக் காட்டித்தான் நம் மரபின் பெருமையைச் சொல்ல வேண்டுமா? நாளைக்குத் தைமூரையும் கூட்டி வருவீர்கள். 1871-க்குப் பதில் காணோம்.

கூத்துப்பித்தன்:
ரெண்டு பேரும் புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு ஒரு வருஷம் வாருங்கள். அர்ஜுனன் மகன் அரவானைப் பலி கொடுக்கும் களப்பலி அன்றைக்கு, வேஷம் கட்டியவர் கால் வைத்த மண்ணைக் கிழவிகள் முந்தானையில் முடிந்துகொள்வார்கள். வியாச பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் சாகிறான், அவ்வளவுதான். இங்கே அவன் சாமி; கூவாகத்தில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வதும் அவனுக்காகத்தான். அதே கூத்தில் விராட பருவம் வரும். அர்ஜுனன் பேடி வேஷத்தில் இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்ததும் முன்வரிசை கெக்கெக்கே என்று சிரிக்கும். மண்ணை முடிந்த அதே கிழவியும் சிரிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஓசூர் மாறன்:
சாமியாகக் கும்பிட்டார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மகிழ்ச்சி.

தகடூரான்:
சிரித்தார்கள் என்றும் சொல்லியிருக்கிறாரே, அந்த வரி மட்டும் கண்ணில் படவில்லையா?

மல்லி:
இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நான் திருநங்கை, கிருஷ்ணகிரி பக்கம். முதலில் அந்த 'அலி'யை நிறுத்துங்கள் சார். 2008-ல் எங்களுக்கென்று நல வாரியம் வந்து, திருநங்கை என்ற சொல் ஊர் முழுக்கப் பரவி, இத்தனை வருஷம் ஆகிவிட்டது. அப்புறம் மரபு. போன தை மாசம் ஒரு பாத்திரக்கடை திறப்பு. என்னைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். எலுமிச்சம்பழம் சுற்றினேன், கல்லாவில் கை வைத்து வாழ்த்தினேன், 501 ரூபாய், ஒரு எவர்சில்வர் தூக்கு. மறுவாரம் அதே கடைக்கு மேல் மாடியில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. போய்க் கேட்டேன். "குடும்பம் இருக்கிற இடம்மா" என்றார் முதலாளி. தூக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில்தான் இப்போது பால் வாங்குகிறேன்.

தகடூரான்:
அம்மா, நீங்கள் சொன்னது அத்தனையும் என் கட்சிக்குத்தான் பலம். அந்த முதலாளி 1871 சட்டத்தைப் படித்தா வீடு இல்லை என்றார்? சொல்லைப் பொறுத்தவரை, சட்டத்தில் இருந்ததைத்தான் தமிழில் எழுதினேன். வேறு உள்நோக்கம் இல்லை.

ஓசூர் மாறன்:
அக்கா, முதலில் உள்ளே கூப்பிட்டார்கள் இல்லையா, அதுதான் நம் மரபு. வீடு இல்லை என்றது வெள்ளைக்காரன் விட்டுப்போன ஒழுக்கம். என் கருத்துக்கு நீங்களே சாட்சி.

மல்லி:
சாட்சி சொல்ல வரவில்லை தம்பி. வீடு கேட்டுப் போனேன்.

ஓசூர் மாறன்:
சார், உங்களுக்காகவே தேடி எடுத்தேன். நிஜாம் ஆண்ட ஹைதராபாத் சமஸ்தானத்தில் 1919-லேயே இவர்களுக்கென்று தனிச் சட்டம் இருந்தது. தெலங்கானா உயர் நீதிமன்றம் 2023-ல்தான் அதைச் செல்லாது என்றது. ஹைதராபாத் தெற்குதானே? இப்போது என்ன சொல்கிறீர்கள்?

தகடூரான்:
நிஜாம் எப்போது வெள்ளைக்காரன் ஆனார்? உங்கள் கோலுக்குள்ளேயே நீங்கள் பந்தைப் போட்டுக்கொண்டீர்கள். 1871, தருமபுரி. இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

பாலக்கோடு தக்காளி:
நான் கேட்டது?

கூத்துப்பித்தன்:
சும்மா தருமபுரியைத் திட்டாதீர்கள். இந்தியாவின் முதல் திருநங்கை எஸ்.ஐ. பிரித்திகா யாஷினி 2017-ல் பொறுப்பேற்றது எங்கள் தருமபுரியில்.

ஓசூர் மாறன்:
அவர் சேலத்துக்காரர். வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி 2015-ல் உத்தரவு போட்டது சென்னை உயர் நீதிமன்றம். இதில் தருமபுரி செய்தது என்ன, நாற்காலி போட்டதா?

தகடூரான்:
2004 வரைக்கும் எங்கள் மாவட்டத்தில் இருந்துவிட்டு, கிருஷ்ணகிரி மாவட்டமாகப் பிரிந்து போனதும் வாய் நீளுகிறது. மாம்பழத்தைக்கூடக் கிருஷ்ணகிரி மாம்பழம் என்று சொல்லித்தான் விற்கிறீர்கள். பாதி மரம் இந்தப் பக்கம் நிற்கிறது.

ஓசூர் மாறன்:
மாம்பழத்தில் கை வைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். மண்டி எங்கே இருக்கிறது? கூழ் ஃபேக்டரி எங்கே இருக்கிறது?

கூத்துப்பித்தன்:
மரம் எங்கே இருக்கிறது என்றுதான் அவர் கேட்டார்.

மல்லி:
அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது. இன்று காலையில் பால் வாங்கப் போனபோதும் பார்த்தேன்.

தகடூரான்:
கூழ் ஃபேக்டரி கணக்கை நாளைக்குத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று நாளாகக் கேட்கிறேன், மாறன் இன்னும் வாய் திறக்கவில்லை. 1871 சட்டம் தருமபுரிக்கு வந்ததா, வரவில்லையா?

ஓசூர் மாறன்:
மூன்று நாளா? நேற்றுதானே ஆரம்பித்தீர்கள். கணக்கே இந்த லட்சணம், இதில் வருஷம் வேறு சொல்ல வந்துவிட்டார்.