“போர்டு போய்விட்டது” என்று கைவிடப்பட்ட கணினிகள்: பயோஸ் மீட்பு அனுபவங்கள்

கோவை சர்வீஸ்

மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். பயோஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) புதுப்பிக்கும்போது பாதியில் நின்றுபோன கணினிகள் மாதத்துக்கு ஒன்றிரண்டாவது வரும். கொண்டு வருபவர்களில் பலர் வேறு எங்கோ “போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்ற தீர்ப்பைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. அழிந்தது போர்டு அல்ல, அதில் எழுதியிருந்த எழுத்து. அதைத் திரும்ப எழுத முடியும். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

போன ஆடி மாதம் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தார். ஆடிக் காற்றில் எங்கள் பக்கம் மின்சாரம் வந்து வந்து போகும். அவர் பயோஸ் புதுப்பிப்பைத் தொடங்கி மூன்று நிமிடத்தில் மின்சாரம் போயிருக்கிறது. பேட்டரி 60 சதவீதம் காட்டியதால் தைரியமாகத் தொடங்கியிருக்கிறார். ஐந்து வயதான பேட்டரி காட்டும் சதவீதத்தை நம்பவே கூடாது. சார்ஜர் இணைந்திருக்கும்வரை அது 60 என்று சொல்லும். முழுச் சுமையும் தன்மேல் விழுந்த நொடியில் படுத்துவிடும். அப்படித்தான் படுத்தது. அதன் பிறகு பொத்தானை அழுத்தினால் மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு மின்னுகிறது, திரை மட்டும் கறுப்பு.

அவருடைய கவலை கணினியைப் பற்றியதே அல்ல. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், நான்கு ஆண்டுகளாகத் தயாரித்த பாடக் குறிப்புகள் எல்லாம் உள்ளே இருந்தன. பயோஸ் இருப்பது மதர்போர்டில் உள்ள எட்டுக் கால் சிப்பில். கோப்புகள் இருப்பது எஸ்எஸ்டி என்ற சேமிப்பு வட்டில். ஒன்றுக்கு நேர்ந்தது இன்னொன்றைத் தொடவில்லை. எஸ்எஸ்டியைக் கழற்றி என் கணினியில் மாட்டி அவருடைய கோப்புறைகளைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் எளிய வழியைப் பார்த்தேன். பல தயாரிப்பாளர்கள் மீட்புக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் அழுத்திக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும். சிலவற்றில் கன்ட்ரோலும் எஸ்கேப்பும். ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில், சரியான பெயரில் பயோஸ் கோப்பு இருந்தால் கணினி அதைத் தானாகவே தேடி எடுத்துக்கொள்ளும். ஆனால் இந்த வழி வேலை செய்ய, கணினியை முதலில் எழுப்பும் பூட் பிளாக் எனப்படும் சிறு பகுதியாவது சிப்பில் பிழைத்திருக்க வேண்டும். அந்தக் கணினி பென் டிரைவைத் திரும்பியே பார்க்கவில்லை.

அடுத்தது கிளிப். பேட்டரி, சார்ஜர், எஸ்எஸ்டி மூன்றையும் நீக்கிவிட்டு, சிப்பின் மேல் எட்டு ஊசிக் கிளிப்பை மாட்டி, புரோகிராமர் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) வழியாகப் படித்தேன். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு நல்ல போர்டையும் கெடுக்கிறார்கள். கிளிப்பை மாட்டியவுடன் எழுதக் கூடாது. முதலில் படித்துச் சேமிக்க வேண்டும். இரண்டு முறையாவது படித்து, இரண்டு பிரதிகளும் பைட்டுக்குப் பைட் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். எனக்கு முதல் இரண்டும் ஒத்துவரவில்லை. கால்களில் அழுக்கு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து மீண்டும் மாட்டினேன். மூன்றாவதும் நான்காவதும் ஒத்துவந்தன.

அந்தப் பிரதியைத் திறந்து பார்த்தபோது நடந்தது என்ன என்று கண்ணுக்கே தெரிந்தது. 8 எம்பி சிப். கடைசிப் பகுதி முழுக்க எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப். ஃபிளாஷ் நினைவகத்தை அழித்தால் ஒவ்வொரு பைட்டும் எஃப்எஃப் ஆகிவிடும். புதிதாக எழுதுவதற்கு முன் அழித்தாக வேண்டும். அழித்து முடித்து, எழுதத் தொடங்குவதற்குள் மின்சாரம் போயிருக்கிறது. பிராசசர் விழித்தவுடன் முதல் கட்டளையைத் தேடும் முகவரி 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே இருக்கிறது. அது இந்தச் சிப்பின் கடைசி 16 பைட். அங்கே எதுவும் இல்லாதபோது பாவம், பென் டிரைவை அது எப்படித் தேடும்?

தயாரிப்பாளர் தரும் கோப்பை அப்படியே சிப்பில் எழுதவும் கூடாது. அதைச் சுற்றி ஓர் உறை இருக்கும். யூஇஎஃப்ஐடூல் என்ற இலவச மென்பொருளால் உறையை நீக்கி, உள்ளே இருந்த பயோஸ் பகுதியை எடுத்தேன். நான் சேமித்த பிரதியில், சிப்பின் பகுதிகள் எங்கெங்கே என்று சொல்லும் டிஸ்கிரிப்டரும், இன்டெல்லின் துணை நிரல் இருக்கும் மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதியும் கெடாமல் இருந்தன. வரிசை எண்ணும் விண்டோஸ் உரிம விசையும் இருந்த பகுதியும் தப்பியிருந்தது. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, அழிந்த இடத்தை மட்டும் புதியதால் நிரப்பினேன். இணையத்தில் யாரோ பகிர்ந்த முழுப் பிரதியை எழுதியும் கணினியை எழுப்பலாம். ஆனால் வேறொருவரின் வரிசை எண் வந்து உட்காரும், உரிமம் போகும், சில கணினிகள் முப்பது நிமிடத்தில் தாமாகவே அணையும். அப்படி ‘சரிசெய்து’ கொடுத்தவற்றைப் பிறகு நான் மீண்டும் சரிசெய்திருக்கிறேன். வாடிக்கையாளருக்கு அது பெரிய துரோகம்.

எழுதி, சரிபார்த்து, பொத்தானை அழுத்தினேன். முதல் முறை நினைவகத்தைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். திரை உடனே வராது. ஏறக்குறைய ஒரு நிமிடம். ஆசிரியர் பக்கத்தில் நின்றார். நிறுவனத்தின் சின்னம் திரையில் வந்தபோது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். முந்திய கடையில் அவரிடம் பதினான்காயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள்.

நெல்லைக்காரர்

தம்பி, நீங்கள் ‘முதலில் படி, பிறகு எழுது’ என்றதும் எனக்கு 1999 ஏப்ரல் 26 நினைவுக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை. கணினிப் பயிற்சி மையம் ஒன்றில் வேலை பார்த்தேன். காலையில் பதினான்கு கணினிகளையும் போட்டோம், ஐந்து எழவில்லை. மூன்றில் ஹார்ட் டிஸ்க் மட்டும் காலி. இரண்டில் திரையே வரவில்லை.

சிஐஎச் என்ற வைரஸ். தைவானில் சென் இங்-ஹௌ என்ற மாணவர் 1998இல் எழுதியது. செர்னோபில் விபத்து நடந்த அதே தேதியில் வெடித்ததால் அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. விண்டோஸ் 95, 98 நிரல் கோப்புகளில் காலியாகக் கிடக்கும் இடைவெளிகளில் புகுந்துகொள்ளும். கோப்பின் அளவு கூடாது என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. தேதி வந்ததும் ஹார்ட் டிஸ்க்கின் முதல் 1 எம்பியைச் சுழியத்தால் நிரப்பிவிட்டு, பயோஸ் சிப்பிலும் குப்பையை எழுதப் பார்க்கும். இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் கொண்ட போர்டுகளில் அது பலித்தது. எங்களுடையவை அவையே.

அப்போது எங்கள் ஊரில் புரோகிராமர் எங்கே இருந்தது? ஒரே மாதிரியான போர்டுகள் நிறைய இருந்ததுதான் எங்கள் அதிர்ஷ்டம். சிப்பும் சாக்கெட்டில் செருகும் வகை, நீளமாக முப்பத்திரண்டு கால். நல்ல கணினி ஒன்றை அணைத்து, அதன் பயோஸ் சிப்பைக் கொஞ்சம் தளர்த்தி, அடியில் தையல் நூலைச் சுற்றிக் கட்டிவிட்டு, பிளாப்பி வழியாக டாஸில் (விண்டோஸுக்கு முந்திய இயங்குதளம்) எழுப்பினேன். அவார்டு நிறுவனத்தின் எழுதும் நிரலைக் கொண்டு அந்த நல்ல சிப்பில் இருந்ததை முதலில் பிளாப்பியில் சேமித்தேன். 128 கேபிதான். பிறகு கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே நூலைப் பிடித்து நேராக மேலே இழுத்தேன்.

கணினி நிற்கவில்லை. பயோஸ் எழும்போதே தன்னைப் பிரதான நினைவகத்தில் நகலெடுத்துக்கொள்வதால் அதன் பிறகு சிப் இல்லாமலும் டாஸ் ஓடும். எனக்கு அது பாடமாகத் தெரியும். ஆனாலும் காலி சாக்கெட்டோடு திரையில் கர்சர் மின்னியதைப் பார்த்தபோது மூச்சு நின்றது. செத்த சிப்பை வெட்டுக்குறி பார்த்து, திசை மாறாமல் செருகி, சேமித்த கோப்பை எழுதினேன். இரண்டு சிப்புகளும் பிழைத்தன.

ஹார்ட் டிஸ்க்குகளில் கதை வேறு. ஃபேட்32 முறையில் இருந்த இரண்டில் கோப்புப் பட்டியலின் இரண்டாவது பிரதி முதல் 1 எம்பிக்கு அப்பால் இருந்ததால் பெரும்பாலானவை மீண்டன. ஃபேட்16 முறையில் இருந்த ஒன்றில் இரண்டு பிரதிகளுமே அந்த 1 எம்பிக்குள் அடங்கிவிட்டன. மாணவர்களின் திட்டப்பணிகள் அதில் இருந்தன. பிரதி எடுத்து வைக்கச் சொல்லாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

சென்னை, கணக்குப் பிரிவு

நான் தொழில்நுட்பம் தெரிந்தவள் அல்லள். ஆனால் கோவை ஐயா எஸ்எஸ்டியைக் கழற்றிக் கோப்புகளைக் காட்டியதைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. எல்லாருக்கும் அது நடக்காது.

எனக்குப் புதுப்பிப்பு வெற்றிகரமாகவே முடிந்தது. விண்டோஸ் புதுப்பிப்போடு சேர்ந்து பயோஸும் தானாக வந்தது. கணினி தன்னை அணைத்து எழுப்பிக்கொண்டது. எழுந்ததும் நீலத் திரையில் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்பு விசை கேட்டது. நாற்பத்தெட்டு இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. அப்படி ஒன்று என்னிடம் இருப்பதாகவே எனக்குத் தெரியாது. யாரோ கணினியைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்து மின்கம்பியைப் பிடுங்கினேன். மாதக் கடைசி. ஜிஎஸ்டி கணக்கு முழுவதும் அதில்தான்.

பிறகு அலுவலகத் தம்பி ஒருவர் விளக்கினார். டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப், கணினி எழும்போது பயோஸ் முதலியவற்றை அளந்து பார்த்து, வழக்கமான அளவு வந்தால்தான் வட்டின் பூட்டைத் திறக்கும். பயோஸ் மாறிவிட்டதால் அளவும் மாறியது. அது திறக்க மறுத்தது. தன் கடமையைத்தான் செய்திருக்கிறது. புதுப்பிக்கும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தால் விசை கேட்டிருக்காது என்றார். அந்த எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் விசை இல்லாமல் ஒன்றும் தெரியாதாம்.

கணினியை முதன்முதலில் அமைத்துக் கொடுத்தது என் மகன். அவனுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் விசை சேர்ந்திருக்க வேண்டும். இங்கே காலை பத்து மணி. டொரொண்டோவில் நள்ளிரவு தாண்டி அரை மணி. எழுப்ப மனம் வரவில்லை, ஆனாலும் எழுப்பினேன். “அம்மா, திரையில் விசை அடையாளம் என்று ஒன்று இருக்கும், அதன் முதல் எட்டு எழுத்தைச் சொல்லுங்கள்” என்றான். அவன் கணக்கில் மூன்று கணினிகளின் விசைகள் இருந்தன. அந்த எட்டு எழுத்தை வைத்துத்தான் சரியானதைக் கண்டுபிடித்தான். ஒவ்வோர் ஆறு இலக்கமாக அவன் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். திறந்தது. அன்றே அந்த எண்ணைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்துவிட்டேன்.

யாழ்ப்பாண வாசகர்

2022 மார்ச் கடைசியில் எங்களுக்கு ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. அந்த நாட்களில்தான் ஏஎம்டி பிராசசர்கள் பொருந்தும் என் பழைய ஏஎம்4 வகை போர்டுக்குப் புதிய ரைசன் பிராசசர் வந்து சேர்ந்தது. பழைய பயோஸ் அதை அடையாளம் காணாது. பழைய பிராசசரை அதற்கு முன்பே விற்றுவிட்டேன். பிராசசர் இல்லாமலே எழுதும் பொத்தான் என் போர்டின் பின்புறத்தில் இருந்தது. ஃபேட்32 பென் டிரைவ், கையேட்டில் சொன்ன பெயரில் கோப்பு, அதற்கென்று குறித்த யூஎஸ்பி துளை, மின் இணைப்பு மட்டும். மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, மின்சாரம் வந்து அரை மணி நேரம் நிலையாக நின்ற பிறகு பொத்தானை அழுத்தினேன். விளக்கு மின்னி நிற்க ஐந்தாறு நிமிடம். நின்றதும் பிராசசரைப் பொருத்தினேன், எழுந்தது.

கோவை அண்ணா, நண்பர் ஒருவரின் மடிக்கணினிக்காகக் கிளிப்பும் புரோகிராமரும் வாங்க நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

கோவை சர்வீஸ்

முதலில் சென்னை அம்மாவுக்கு நன்றி. ஆசிரியரின் வட்டில் பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் இல்லை, அதனால் என்னால் காட்ட முடிந்தது. அதை நான் எழுதியிருக்க வேண்டும். நெல்லை ஐயா, அந்த நூல் கட்டும் முறையை என் கடைப் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்கள்.

யாழ்ப்பாணத் தம்பிக்கு: சிப்பின் மேல் உள்ள எண்ணை உருப்பெருக்கியில் படித்து, அதன் மின்னழுத்தத்தைத் தேடுங்கள். பெரும்பாலானவை 3.3 வோல்ட். ஆனால் 1.8 வோல்ட் சிப் கொண்ட மடிக்கணினிகளும் உண்டு. அவற்றுக்குத் தனி அடாப்டர் இல்லாமல் தொடவே வேண்டாம். மலிவான புரோகிராமர்களில் சில, மின்சாரக் காலில் 3.3 தந்தாலும் தரவுக் கால்களில் 5 வோல்ட் தருகின்றன. வாங்கியதும் போர்டில் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். கிளிப்பின் சிவப்புக் கம்பி, சிப்பில் புள்ளி வைத்த முதல் காலுக்கு வர வேண்டும்.

நண்பரின் கணினியில் தொடங்க வேண்டாம். பயன்படாத பழைய போர்டு ஒன்றை எடுத்து, எழுதாமல் படித்து மட்டும் பாருங்கள். இரண்டு பிரதிகளும் ஒத்துவந்தால் சிப்பின் எண்ணோடு இங்கே எழுதுங்கள். அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து பார்க்கலாம்.