ஆக்லாந்து 2017: மான் கௌர் பாட்டி ஓடினதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்

நான் அங்கே போட்டியாளராகப் போகவில்லை. வாலன்டியராகத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தவள். ஆனாலும் அந்த ஏப்ரல் மாதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நடுத்தர வயதுக்காரர்களும் முதியவர்களும் கலந்துகொள்கிற உலக மாஸ்டர்ஸ் கேம்ஸ் அந்த வருஷம் நான் குடியிருக்கிற நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்தது. 28 விளையாட்டுகள், 28,000 பேருக்கு மேல். ரியோ ஒலிம்பிக்ஸுக்கு வந்த வீரர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். இதற்கு எந்த நாடும் ஆள் பொறுக்கி அனுப்புவதில்லை. பெயர் கொடுத்து, கட்டணம் கட்டி, கைக்காசில் டிக்கெட் போட்டு வந்துவிடலாம். தடகளத்தில் ஐந்தைந்து வயதாகப் பிரிவு வைத்திருப்பார்கள். அதனால் ஐம்பத்தைந்து வயதுக்காரர் முப்பது வயதுக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

எனக்கு மேற்கு ஆக்லாந்து டிரஸ்ட்ஸ் அரீனாவில், 100 மீட்டர் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் வேலை. சண்டிகரிலிருந்து வந்திருந்த மான் கௌர் அம்மாவுக்கு அப்போது 101 வயது. அவர் பிரிவில் வேறு ஆளே இல்லை. அதனால் எழுபது, எண்பது வயதுக்காரர்களோடு சேர்த்து ஓடவிட்டார்கள். 93 வயதில், மகன் குர்தேவ் சிங் சொல்லித்தான் ஓடவே ஆரம்பித்தாராம்.

மற்றவர்கள் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டார்கள். யாரும் கிளம்பவில்லை. என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா நின்றார், எழுபதுக்கு மேல் இருக்கும். ஸ்பைக்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு நின்றார். ஷூவின் ஆணிகளில் டிராக்கின் ரப்பர் துணுக்கு ஒட்டியிருந்தது. நான் நீட்டிய பாட்டிலை வாங்கினாரே தவிர, குடிக்கவில்லை. கண்ணை டிராக்கிலிருந்து எடுத்தால்தானே? பாட்டி சின்னச் சின்ன எட்டாக, ஒருமுறைகூட நிற்காமல் வந்தார். 74 வினாடி. கோட்டைத் தாண்டி இரண்டு கையையும் தூக்கினாரே, அப்போது பக்கத்தில் இருந்த அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த வெள்ளைக்கார அம்மா தங்கம் வாங்கினாரா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஊரில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஜோனல் வரைக்கும் குண்டு எறிந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை, நானும் எடுக்கவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது முப்பது வருஷக் கணக்கு மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரமே ஒரு தடகள கிளப்பில் போய்ச் சேர்ந்தேன். காலை ஆறு மணிக் குளிரில் இரும்புக் குண்டைக் கழுத்தோடு அணைத்தால் சில்லென்று தாடை வரைக்கும் ஏறும். முதல் நாள் நான்கு மீட்டரைத் தாண்டவில்லை. பெண்களுக்கு 50 வயதானால் நான்கு கிலோ குண்டு மூன்று கிலோவாகிவிடும் என்று பயிற்சியாளர் சொன்னார். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அப்படிக் காத்திருந்தேன்!

மான் கௌர் அம்மா 2021 ஜூலையில் காலமானார். செய்தியைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சமைக்கவே கை ஓடவில்லை.

கொரோனாவால் தள்ளிப்போன ஜப்பான் கன்சாய் மாஸ்டர்ஸ் கேம்ஸ் 2027 மே மாதம் என்கிறார்கள். நான் பெயர் கொடுக்கப் போகிறேன். எறிதல் போட்டிக்கு வெளிநாடு போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: சொந்தக் குண்டை எடுத்துப் போனீர்களா, அங்கே கொடுத்ததையே எறிந்தீர்களா?